மூன்று பாட்டில் ஆற்றுத் தண்ணீர்

ஆற்றில் இறால் தடவுகிற பெண்களுக்குக் கண் தேவையில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று, குனிந்து, சேற்றுக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். ஓலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். விரலில் இறால் மீசை உரசியதும் அப்படியே அமுக்கி எடுத்துப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடியும் கையை உள்ளே விடுவார்கள். வாயில் பறி இருப்பதால் பேச முடியாது. பெண்கள் நாலு பேர் கூடி வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒரே இடம் அதுதான் என்று எங்கள் ஊர் ஆண்கள் கேலி செய்வார்கள். சாராயக் கடையில் அவர்கள் கூடிப் பேசுவது என்ன என்று எங்களுக்கும் தெரியும். நாங்கள் கேலி செய்யவில்லை.

அந்த வரிசையில் என் அக்கா முதல் ஆள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவன் எல்லாம் குடிக்கிறவன் என்பாள். காரைக்காலில் குடிக்காதவன்தான் வேண்டும் என்றால் கன்னியர் மடத்தில்தான் சேர வேண்டும் என்று நான் சொல்வேன். அவள் இறால் தடவித்தான் நான் படித்தேன். எழுபதுகளின் நடுவில் டவுனில் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். தினமும் காலையில் கோட்டுச்சேரிக்கு நடந்து போய் பஸ் பிடிப்பேன். அந்த நேரத்தில் அக்கா ஆற்றில் இறங்கிக்கொண்டிருப்பாள்.

நான் வேலைக்குப் போன இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ மேற்கே ஒரு தொழிற்சாலை வந்தது. என்ன செய்கிற தொழிற்சாலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. லாரியில் மூட்டை மூட்டையாக ஏதோ பொடி உள்ளே போகும். கழிவுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து ஆற்றில் விழும். அது இருந்த இடம் எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம். காரைக்கால் பாண்டிச்சேரியைச் சேர்ந்தது, சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா. ஒரே வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஓர் அரசாங்கம், அந்தக் கரையில் வேறோர் அரசாங்கம். இங்கே மனு கொடுத்தால் தொழிற்சாலை எங்கள் எல்லையில் இல்லை என்பார்கள். அங்கே கொடுத்தால் பாதிக்கப்பட்டவர்கள் எங்கள் ஜனங்கள் இல்லை என்பார்கள். தண்ணீர் மட்டும் யாரிடமும் கேட்காமல் வந்துகொண்டிருந்தது.

முதலில் நுரை வந்தது. பிறகு ஓரமாக மீன் மிதந்தது. பிறகு பெண்களின் கைகளில் அரிப்பும் தோல் உரிவதும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். வாய்க்கால் ஆற்றில் விழுகிற இடத்தில் எப்போதுமே பெரிய இறால் கிடைக்கும். அங்கே நிற்கிற உரிமை முதல் ஆளான அக்காவுக்கு. அதனால் அரிப்பும் அவளுக்குத்தான் அதிகம்.

ஒருநாள் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கி வைத்தாள். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். விரல் நுனிகள் சிவந்து கொப்பளிக்க ஆரம்பித்திருந்தன.

"சுடலையாக்கா?"

"தெரியலடி," என்றாள். "கொஞ்ச நாளாவே விரல்ல ஒண்ணுந் தெரியல. ஜெபமாலை சொல்றப்பகூட மணி கையில இருக்கா நவுந்துருச்சான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டுத்தான் சொல்றேன்."

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் குண்டூசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திக் குத்திக் கேட்டார். மரத்துப் போன விரல் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பெரியவியாதி, குஷ்டம். அவருக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். இரண்டு முறை வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, அது இல்லை என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். தண்ணீரில் ஏதாவது இருக்கலாம், ஆற்றில் இறங்க வேண்டாம் என்றார். ஆற்றில் இறங்காமல் வேறு என்ன செய்வது என்று அக்கா அவரிடமே கேட்டாள். அவர் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு கமிட்டி போட்டோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் தலைவர். அந்த மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எது செய்தாலும் காகிதத்தில் இருக்க வேண்டும் என்பார், மனுவில் கமா விட்டுப்போனாலும் திரும்ப எழுத வைப்பார். ஜவுளிக்கடை பாய் கடை மாடியைக் கூட்டத்துக்குக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் வாய்க்கால் முகத்தில் கழி நட்டு, பனை மட்டையும் வைக்கோலும் திணித்துத் தற்காலிக அணையாகக் கொரம்பு கட்டினார்கள். நுரை நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. அடுத்த மழையில் கொரம்பும் போய்விட்டது.

பிறகு சொல்தா ஒரு யோசனை சொன்னார். தினமும் காலையில் படித்துறையில் ஒரு வெள்ளைத் துண்டுத் துணியை ஆற்றில் நனைத்துக் காய வைக்க வேண்டும். பாய் மல் துணியைக் கிழித்துக் கொடுத்தார். முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் நனைத்தார்கள். நான் ஓரத்தில் தேதி எழுதினேன். சில நாள் துணி மஞ்சளாகும், சில நாள் கத்தரிக்காய் நிறத்துக்கு வரும். பிரான்சிலிருந்து வந்த ஒரு பிஸ்கட் டப்பாவில் எல்லாத் துணிகளையும் அடுக்கி வைத்தோம். அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சொல்தா பாண்டிச்சேரிக்கு மூன்று முறை போனார். மூன்றாவது முறைக்குப் பிறகு ஓர் ஆபீசர் ஜீப்பில் வந்தார்.

நல்ல மனிதர். அதை இப்போது சொல்லியாக வேண்டும். வெயிலில் வாய்க்கால் கரை முழுக்க நடந்தார். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றுகொண்டே இளநீர் குடித்தார். அக்காவின் கையைக் காட்டச் சொன்னார். அவள் தயங்கி நீட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து அந்தக் கையை என்னைத் தவிர யாரும் தொடவில்லை. அவர் தன் இரண்டு கைகளாலும் வாங்கி, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார்.

"துணியெல்லாம் பாத்தேங்க. நல்லா செஞ்சிருக்கீங்க," என்றார் எங்களிடம். "ஆனா துணியில யார் வேணா சாயம் ஏத்தலாம்னு கேப்பாங்க. எனக்குத் தண்ணி வேணும். எங்க ஆளுங்க வந்து எடுக்கறதுன்னா எத்தன மாசமாகும்னு சொல்ல முடியாது. நீங்களே சுத்தமான பாட்டில்ல மூணு எடத்துல எடுத்து அனுப்பிடுங்க. முறை இல்லதான், நான் பாத்துக்கறேன். தண்ணியில இருக்குன்னு மட்டும் காகிதத்துல வந்துட்டா, ரெண்டு கவர்மெண்டும் தட்டிக் கழிக்க முடியாது."

ஒரு சனிக்கிழமை எடுத்தோம். பாட்டிலுக்கு எங்கள் ஊரில் என்றைக்கும் பஞ்சம் கிடையாது. மூன்று பிராந்தி பாட்டில்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கொதிக்க வைத்து, வெயிலில் கவிழ்த்திருந்தாள் அக்கா. எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும் என்பதால் அவளே போய் மூன்று குடங்களில் மொண்டு வந்தாள். கொல்லையில் மூன்றையும் வரிசையாக வைத்தாள். மஞ்சளும் பச்சையுமாக, மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். நான் நிழலில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அக்கா குடத்துக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத எப்புடிடி அனுப்புறது?"

"என்னாக்கா?"

"அம்மாந்தூரத்துலேர்ந்து வந்து நம்ம வாசல்ல நின்ன மனுஷன். என் கையத் தொட்டுப் பாத்தாரு. அவருக்குப் போயி சேறும் சகதியுமாவா அனுப்புறது?"

உள்ளே போய்த் தேற்றாங்கொட்டையை எடுத்து வந்தாள். ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற எல்லா வீட்டிலும் அது உண்டு. குடத்தின் உட்புறத்தில் நாலு இழுப்பு இழைத்துவிட்டால் கலங்கல் எல்லாம் அடியில் போய்ப் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிடும். யார் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டாலும் தேற்றி, வடிகட்டித்தான் தருவார்கள். கலங்கலாகக் கொடுப்பது அவமரியாதை. அக்கா மூன்று குடத்திலும் இழைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறந்ததிலிருந்து தினமும் பார்த்தது. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். பளிச்சென்று இருந்தது. பாட்டில் வாயில் வெள்ளைத் துணியை நாலாக மடித்து நான்தான் பிடித்துக்கொண்டேன். அவள் குடத்தைச் சாய்த்து, வண்டல் அசையாமல், மேல் தண்ணீரை மட்டும் நிதானமாக ஊற்றினாள். விரல் மரத்திருந்தாலும் குடம் சாய்ப்பதில் அவளுக்கு நிகர் கிடையாது. மூன்று பாட்டிலும் நிறைந்தன. குடத்தடியில் மஞ்சளாகக் களிம்பு போல ஒன்று நின்றது. அதைச் சாக்கடையில் கவிழ்த்துக் குடத்தைக் கழுவி வைத்தாள்.

"நல்லாத் தெளிஞ்சிருச்சுக்கா," என்றேன். அதைச் சொன்னது நான்.

சொல்தா பாட்டில்களை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "விஷம் கண்ணுக்குத் தெரியாது" என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். பாய் கடைக்குச் சரக்கு எடுக்கப் பாண்டிச்சேரி போகிற அன்று மூன்றையும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். இன்ஷா அல்லாஹ், இதோடு முடிந்துவிடும் என்றார்.

முடிந்துதான் போனது. சில வாரங்கள் கழித்துப் பள்ளிக்கூட விலாசத்துக்குப் பதில் வந்தது. இங்கிலீஷில் ஒரு பக்கம். ஆசிரியர் அறையில் நின்றபடியே படித்தேன். ஆட்சேபிக்கத்தக்க அளவில் எதுவும் காணப்படவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். கலங்கல், இல்லை. அந்த வரியில் நின்றுவிட்டேன். எங்கள் ஆற்றில் கலங்கல் இல்லாத தண்ணீர் எந்த மாதத்திலும் கிடையாது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. மணி அடித்தது. நாலாம் வகுப்புக்குப் போய் டிக்டேஷன் கொடுத்தேன். முப்பது நோட்டையும் திருத்தினேன். மத்தியானம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன், உப்பு குறைவாக இருந்தது. உப்பு குறைவாக இருந்தது ஞாபகம் இருக்கிறது.

ஜவுளிக்கடை மாடியில் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். பிறகு யாரோ, "வாங்கிட்டான்" என்றார்கள். எதை வாங்கிவிட்டார், யாரிடம் வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எல்லைக்கு அப்பால் இருந்து கார் வந்ததைப் பார்த்தேன் என்றுகூட ஒருவர் சொன்னார்.

"அப்புடிச் சொல்லாதீங்க. அந்த மனுஷன் மொகத்தப் பாத்தா அப்புடித் தெரியல," என்றார் பாய்.

"மொகத்தப் பாத்துத்தான் நாம ஏமாந்தோம்," என்றார் சொல்தா.

நான் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தேன். அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அக்காவின் பெயரைச் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிப் பொய். துணியைப் பிடித்தவள் நான். ஊரிலேயே படித்தவள் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் எண்ணிப் பார்க்காத ஒன்று அதற்கப்புறம் நடந்தது. தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அப்படியானால் அவள் விரல் ஏன் மரத்தது? லஞ்சம் வாங்கினான் என்று மாடியில் பேசியவர்களின் வீட்டுப் பெண்களே ஆற்றில் இறங்கியபோது வேறு மாதிரி கணக்குப் போட்டார்கள். பெரியவியாதி இல்லை என்று டாக்டர் சொன்னதை நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். அடுத்த நாள் வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது. அப்புறம் மண்டபத்தூரிலிருந்து வந்து இறால் வாங்குகிறவள் அக்காவின் பறியை மட்டும் பார்க்காத மாதிரி தாண்டிப் போனாள். கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

உண்மையைச் சொல்லாமலே சரி செய்யப் பார்த்தேன். ஒரு பாட்டிலில் நேராக ஆற்றிலிருந்து மொண்டு, மறுபடி சோதிக்கும்படி எழுதி அனுப்பினேன். ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது, தக்க காரணம் காட்டாமல் மறு சோதனை செய்ய இயலாது என்று பதில் வந்தது. காரணம் என்னிடம் இருந்தது. சொல்தாவிடமாவது சொல்லிவிடுவது என்று ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஆபீசரைத் திட்டிக்கொண்டே காப்பி கொடுத்தார். நானும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா ஆற்றில் இறங்குவதை நிறுத்தினாள். நான் வேலைக்குப் போய் வந்தேன். அவள் சமைத்தாள். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம் என்று யாராவது கேட்டால் சொல்வேன். தினமும் ஒரே மாதிரி இருந்தது. எனக்கு எதிலும் கோபமோ அழுகையோ வரவில்லை. சக டீச்சர்கள் நான் பொறுமைசாலி என்று பேசிக்கொண்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் அந்தத் தொழிற்சாலை தானாகவே மூடிக்கொண்டது. பங்காளிகளுக்குள் தகராறு என்று கேள்வி. எங்கள் மனு எதுவும் காரணம் இல்லை. இரண்டு வெள்ளம் வந்து போன பிறகு தண்ணீர் பழைய சேற்று நிறத்துக்குத் திரும்பியது. இறாலும் வந்தது. பெண்களின் கையில் அரிப்பு நின்றது. அப்போதுதான், தண்ணீரில் ஏதோ இருந்திருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அக்காவை வந்து கூப்பிட்டார்கள், முதல் ஆள் இடத்தையும் விட்டுக் கொடுத்தார்கள்.

நானும் கரையில் போய் நின்றேன். அக்கா பறியைக் கவ்விக்கொண்டு இறங்கினாள். மற்றவர்கள் நகர நகர அவர்கள் கைகள் மேலே வந்து பறிக்குப் போய்க்கொண்டிருந்தன. அக்காவின் கைகள் சேற்றுக்குள் போயின, அங்கேயே இருந்தன. அவள் நிறைய நேரம் துழாவினாள். இறால் உரசியிருக்கும், விரல் நடுவில் நுழைந்துகூடப் போயிருக்கும். அவளுக்குத் தெரிந்திருக்காது. கரைக்கு வந்து பறியைக் கவிழ்த்தாள். தண்ணீர்தான் கொட்டியது.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சொல்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். பென்ஷன் விஷயமாகப் பாண்டிச்சேரி போய்விட்டு பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அந்தாளப் பாத்தேம்மா," என்றார் அக்காவிடம். "பஸ் ஸ்டாண்டுல பொஞ்சாதி புள்ளையோட நின்னான். விடுவனா? அத்தன பேர் முன்னால கேட்டுப்புட்டேன். ஒரு பொம்பளையோட கைய வித்துத் தின்னவந்தானடா நீ, அப்புடின்னு. அவன் பொஞ்சாதி அழுவுது."

"அவரு என்னா சொன்னாரு?" என்றேன் நான்.

"என்னாத்த சொல்லுவான் டீச்சர்? நீங்க அனுப்புன தண்ணியத்தாங்க சோதிச்சேன்னான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்."

அக்கா கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நல்லாக் கேட்டீங்க," என்றாள். அவள் குரல் இத்தனை வருடத்தில் இல்லாத தெம்பாக இருந்தது. "என் கையப் புடிச்சுப் பாத்துட்டுப் போனவன். அவன் நல்லாவா இருப்பான்?"

நான் உள்ளே போய்க் காப்பி கலந்து எடுத்து வந்தேன். சொல்தாவுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு அக்காவுக்கு நீட்டினேன். டம்ளர் கைக்குள் வந்துவிட்டதா என்று அவள் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டாள். நான் விரலை எடுத்தேன்.

"சரிதானடி?" என்று கேட்டாள்.

"சரிதாங்க்கா," என்றேன்.